வசனம் எடுத்துக்கொடுப்பவள்

அந்த இடம் வந்தால் போதும், அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழும். முன் வரிசையில் கைக்குட்டைகளைத் தேடுவார்கள். பின் வரிசையில் யாராவது ஒரு ரசிகர் அடக்கமாட்டாமல் 'ஆஹா' என்று வாய்விட்டே சொல்லிவிடுவார். பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் அக்காவுக்கு மட்டும் வயிறு பற்றிக்கொண்டு எரியும். என்ன ஆஹா? எதற்கு ஆஹா? வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போவாள்.

மேடையில் அப்போது நடப்பது இதுதான். படுத்த படுக்கையாகக் கிடந்த தாயைப் பல வருடம் பார்த்துக்கொண்டு, அவளையும் பறிகொடுத்துவிட்டுத் தன்னந்தனியாக இருக்கிற ஒருத்தி ஜன்னல் பக்கம் நின்று பேசுகிறாள். பேச ஆள் இல்லாததால் ஜன்னலோடு பேசுகிறாள். "நான் உதிரும் நாளில் யாருக்கும் தகவல் போகாது. என் வாசனை மட்டும் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும். யாரோ வந்து என் ஜன்னலைத் திறப்பார்கள். அதுவரை நான் பூத்துக்கொண்டே இருப்பேன்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னார்கள்?

இதை எழுதியவன் அக்காவின் தம்பி. சொந்தத் தம்பி, ஒரே வயிற்றில் பிறந்தவன். ஊரறிந்த நாடக ஆசிரியன். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு நிதானமாகப் பேசுவான். அவன் அவளை அக்கா என்று கூப்பிடுவதைப் பார்த்துக் குழுவில் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளைவிடப் பெரியவரான மேக்கப்காரர்கூட, பொய்ப்பல் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் நகருங்க" என்பார். அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பது குழுவில் யாருக்கும் தெரியாது.

கதாநாயகி டி.வி. தொடரில் பேர் வாங்கியவள். சின்ன வயது. மேடையில் நின்றால் கண் எடுக்க முடியாது. ஆனால் மனப்பாடம் மட்டும் அவளுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. நாலு வரி வசனத்தை நாலு நாள் உருப்போட்டுவிட்டு, ஐந்தாம் நாள் 'வணக்கம்' என்பதையே மறந்துபோய் நிற்பாள். அதற்குப் பதிலாகக் கடவுள் அவளுக்கு வேறொரு வித்தை கொடுத்திருந்தார். காதில் விழுகிற சொல்லை அரை நொடியில் தன் சொல்லாக்கிக்கொள்வாள். பக்கத் திரையிலிருந்து அக்கா பாதி வரி முன்னால் போவாள். அவள் பின்னாலேயே வருவாள். முன் வரிசையில் இருப்பவர்களுக்குக்கூடச் சந்தேகம் வராது. என்ன காதில் விழுந்தாலும் யோசிக்காமல் சொல்லிவிட வேண்டும், யோசித்தால் தாளம் தப்பிவிடும், இது அவளுடைய சட்டம்.

எடுத்துக்கொடுப்பவளுக்கும் ஒரு சட்டம் உண்டு. ஏற்ற இறக்கம் கூடாது. உணர்ச்சியைப் போட்டுக் கொடுத்தால் நடிகைக்குக் குழம்பிவிடும். மளிகைச் சாமான் ஒப்பிப்பதுபோல் தட்டையாகச் சொல்ல வேண்டும். அக்கா அப்படித்தான் சொல்வாள். 'நான் உதிரும் நாளில் யாருக்கும் தகவல் போகாது' என்பதை 'உப்பு ஒரு பாக்கெட்' என்பதுபோல் சொல்வாள்.

தம்பி அவளை இந்த வேலைக்குக் கூப்பிட்டபோது, "வீட்ல சும்மாதானேக்கா இருக்க. உனக்கு இந்த வசனமெல்லாம் தானா வரும்" என்றான். வராமல் என்ன? எல்லாமே அவள் வாயிலிருந்து போனதுதானே.

அம்மா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அக்கா மட்டும் மிஞ்சினாள். அம்மாவைப் புரட்டிப் போடுவதிலும் துடைப்பதிலும் வருடங்கள் ஓடியிருந்தன. கல்யாணம், வேலை, சிநேகிதிகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுபோயிருந்தன. தம்பி அப்போதெல்லாம் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி உட்காருவான், கண் கலங்குவான், போய்விடுவான். கலங்கின கண்ணோடு ஒருநாள்கூட அவன் ஒரு படுக்கை விரிப்பை மாற்றியதில்லை. அதற்காக அக்கா அவனைக் குறை சொன்னதில்லை. ஆண்பிள்ளை, பெரிய ஆள், ஆயிரம் வேலை என்று அவளே அவனுக்கு வக்காலத்து வாங்குவாள்.

அம்மா போய்ச் சில வாரங்களில் வீடு அவளைத் தின்ன ஆரம்பித்தது. சாயங்காலமானால் தம்பிக்குப் போன் போடுவாள். முதலில் அவன் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவான். ஒருநாள் அவள், "நாலு நாளா யார்கிட்டயும் பேசலடா. இன்னிக்கு கடையில போய் சோப்பு கேட்டா குரலே வரல. கடைக்காரன் என்னை ஊமைன்னு நெனச்சுக்கிட்டு கையால சைகை காட்டுறான்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறெதுவாகவோ மாறிவிட்டது. அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தம்பி, "ம், சொல்லுக்கா. அப்புறம்?" என்றான்.

அந்த 'அப்புறம்' என்ற ஒரு சொல்லுக்காக அக்கா உயிரையே கொடுத்திருப்பாள். அதற்குப் பிறகு தினமும் பேசினார்கள். அவள் பேசினாள், அவன் கேட்டான். ராங் நம்பரில் கூப்பிட்ட ஒருவனை வைக்கவிடாமல் கால்மணி நேரம் அவன் ஊர் மழையைப் பற்றி விசாரித்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டு டி.வி. சத்தத்துக்காகச் சுவரில் காதை வைத்துக்கொண்டு சாப்பிடுவதைச் சொன்னாள். அவள் பேசும்போதெல்லாம் அந்தப் பக்கம் டக டக என்று ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். பெண்டாட்டிக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறான், நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்வாள். அந்த வீட்டில் தினமும் எத்தனை காய்தான் நறுக்குவார்கள் என்று அவள் கேட்டிருக்கலாம்.

பிறகு ஒருநாள் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு தரையில் அடித்தது. எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டால் வர ஆளில்லை என்பதால் கூப்பிடவும் இல்லை. பகல் வெளிச்சம் ஜன்னலில் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு ஈரத்திலேயே கிடந்தாள். கடைசியில் வாளியைப் பிடித்து, கதவைப் பிடித்து, தவழ்ந்து வந்து போனை எடுத்தாள்.

"விழுந்துட்டேன்டா. பாத்ரூம்ல."

"ஐயையோ" என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக, "கீழ கிடந்தப்போ என்னக்கா நெனச்ச?" என்று கேட்டான்.

வலியில் இருப்பவளுக்கு என்ன தெரியும்? கேட்டதற்குப் பதில் சொன்னாள். "செத்துட்டா நாத்தம் அடிச்சாதான் பக்கத்து வீட்டுக்குத் தெரியும்னு நெனச்சேன். புழு வெச்சப்புறம்தான் கதவை உடைப்பாங்கன்னு நெனச்சேன்."

டக டக என்று காய் நறுக்கும் சத்தம் கேட்டது. "ம், அப்புறம்?" என்றான் தம்பி.

அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாத்திரையை அவளே நொண்டிக்கொண்டு போய் வாங்கி வந்தாள். இரண்டு மாதம் கழித்து நாடகம் வந்தது. 'தனிமையின் தாழ்வாரத்தில்' என்று தலைப்பு. அவர்கள் வாழ்க்கையில் எந்த வீட்டிலும் தாழ்வாரம் இருந்ததில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒத்திகையில் முதல் தடவை அந்த வசனத்தைக் கேட்டபோது அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, பெருமை கலந்த அழுகை. சோப்பு கேட்கப் போய்க் குரல் வராமல் நின்றது, 'என் குரலின்மேல் தூசு படிந்திருக்கிறது, ஊதிவிட ஒருவருமில்லை' என்று ஆகியிருந்தது. தன் துக்கத்துக்கு யாரோ தலை சீவிப் பூ வைத்து, நல்ல புடவை கட்டிக் கூட்டிவந்து நிறுத்தியதுபோல் இருந்தது. இவ்வளவு அழகாகவா நான் கஷ்டப்பட்டேன் என்று ஆச்சரியப்பட்டாள். தம்பிக்கு நாம் சொன்னதெல்லாம் மனதில் தைத்திருக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறான் என்று நம்பினாள்.

ஆனால் நாடகம் எழுதி முடித்த அன்றோடு அவன் போன் எடுப்பது நின்றுபோனது. சும்மா குறையவில்லை, நின்றேபோனது. அவள் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓயும். அரங்கத்தில் பார்க்கும்போது, "வேலைக்கா, தலைக்குமேல வேலை" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவான். வேண்டியது கிடைத்துவிட்டது. கறந்த பிறகு மாட்டை யார் கொஞ்சுவார்கள்? முதலில் இது அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது, தினமும் சாயங்காலம் அந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, தன் வாயாலேயே தன் துக்கத்தை வரி வரியாக, தட்டையாக, உப்பு ஒரு பாக்கெட் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த நாற்றம் வாசனையாக மாறியிருப்பதைச் சரியாகக் கவனித்தாள். புழு வைத்துக் கிடப்பது அவனுக்குப் பூத்துக் கிடப்பதாகத் தெரிந்திருக்கிறது!

இத்தனைக்கும் அவளுக்கு வேண்டியிருந்தது ரொம்பச் சின்ன விஷயம். விழுந்தியே, அடி பட்டுச்சா என்று அவன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எப்போதோ கேட்டிருக்க வேண்டியதுதான். இப்போது கேட்டாலும் போதும் என்றுதான் இருந்தாள்.

நூறாவது காட்சி வந்தது. மேடை முழுக்க மாலைகள். தம்பி சந்தன நிறத்தில் புது ஜிப்பா போட்டு வந்திருந்தான், அதன் கை முழங்கையைத் தாண்டி மணிக்கட்டில் மடிப்பு மடிப்பாக விழுந்தது. அன்று காலையிலிருந்து அக்காவுக்கு இடுப்பு வலி தாங்க முடியவில்லை. அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வழக்கம்போல மணி அடித்து ஓய்ந்தது.

நாடகத்துக்கு முன்னால் ஒரு சின்ன பாராட்டுக் கூட்டம். ஒரு பேராசிரியர் பேசினார். நல்ல மனிதர், நாடகத்தை ஐந்தாறு தடவை பார்த்தவர், நிஜமாகவே உருகினார். "தனிமையில இருக்கிற ஒரு பெண்ணோட மனச்சோர்வை நேரடியா சொன்னா, அது வெறும் புலம்பல். யாரும் காது கொடுத்துக் கேக்க மாட்டாங்க. அதையே கவிதை மொழி தொட்டா, கேக்கிறவன் நெஞ்சுல போய் உக்காந்துக்குது. அந்த ரசவாதத்தை நம்ம ஆசிரியர் செஞ்சிருக்கார்" என்றார். கைதட்டல்.

புலம்பல் என்ற சொல் பக்கத் திரைவரை வந்து அக்காவை அறைந்தது. அவர் மேல் அவளுக்கு வருத்தமில்லை, அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தவன் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தான்.

"எல்லாரும் கேக்கறாங்க" என்றான் தம்பி. கொஞ்சம் நிறுத்தினான். "இந்தப் பெண்ணோட மனசுக்குள்ள எப்படிப் போனீங்கன்னு." இன்னும் கொஞ்சம் நிறுத்தினான். "போகல. ஒரு மலை விடுதியில பத்து நாள் தனியா இருந்தேன். அவளே என்னைத் தேடி வந்தா. இந்த நூறாவது காட்சியை, எங்கேயோ தனிமையில் இருக்கிற முகம் தெரியாத அந்தப் பெண்களுக்குச் சமர்ப்பிக்கிறேன்."

முகம் தெரியாதாம்! பதினைந்தடி தள்ளி, திரைக்கு இந்தப் பக்கம், அவன் முகத்தைச் சின்ன வயதில் வழித்துத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டவள் நின்றுகொண்டிருக்கிறாள். அவன் அம்மாவின் சாடையை அப்படியே உரித்து வைத்த முகம் அவளுக்கு. அது தெரியாதாம். அக்காவுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. மேக்கப்காரர், "என்னக்கா, வேர்த்துக் கொட்டுது?" என்றார். அவள் மரப்பெட்டியில் போய் உட்கார்ந்தாள். இடுப்பு சுரீரென்றது.

நாடகம் தொடங்கியது. அவள் ஒழுங்காக எடுத்துக்கொடுத்தாள். இப்படிச் செய்ய வேண்டும் என்று அவள் திட்டம் போட்டிருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். முதல் பாதியின் முடிவில் அந்த இடம் வந்தது. கதாநாயகி ஜன்னல் பக்கம் போய் நின்று, பக்கத் திரைக்குக் காதைக் கொடுத்தாள். அக்கா வாயைத் திறந்தாள். 'என் குரலின்மேல்' என்று தொடங்க வேண்டும். அது வரவில்லை.

"நாலு நாளா நான் யார்கிட்டயும் பேசல" என்றாள்.

"நாலு நாளா நான் யார்கிட்டயும் பேசல" என்றாள் மேடையில் இருந்தவள். ஜன்னலைப் பார்த்தபடி, பழக்கமான அதே சோகத்தோடு.

"கடையில போய் சோப்பு கேட்டேன். குரல் வரல. கடைக்காரன் ஊமைன்னு நெனச்சுக்கிட்டு சைகை காட்டுறான்."

அதையும் சொன்னாள். அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"ராங் நம்பர்ல ஒருத்தன் கூப்பிட்டான். வெச்சுடாதீங்கன்னு கெஞ்சினேன். அவன் ஊர்ல மழையான்னு கேட்டேன்."

வசனம் மாறுகிறது என்பது அந்தப் பெண்ணுக்கு இதற்குள் தெரிந்துவிட்டது. ஒரு கணம் கண்கள் மட்டும் பக்கத் திரைப் பக்கம் திரும்பின. ஆனால் யோசித்தால் தாளம் தப்பிவிடும். அவள் யோசிக்கவில்லை. பின்னாலேயே வந்தாள். அக்காவின் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை, சட்டப்படி தட்டையாகவே சொன்னாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியல. செத்துட்டா நாத்தம் அடிச்சாதான் பக்கத்து வீட்டுக்குத் தெரியும்னு நெனச்சேன். புழு வெச்சப்புறம்தான் கதவை உடைப்பாங்கன்னு நெனச்சேன்."

நாற்றம் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. நடிப்புக்கு உடைகிற குரல் இல்லை அது. ஆஹா சொல்ல அன்று யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு பெரியவர் இருமத் தொடங்கி அடக்கிக்கொண்டார்.

"தம்பிக்குப் போன் பண்ணேன்" என்றாள் அக்கா. "அடி பட்டுச்சான்னு அவன் கேக்கல. கீழ கிடந்தப்போ என்ன நெனச்சேன்னு கேட்டான். நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் டக டகன்னு சத்தம். காய் நறுக்குறான்னு நெனச்சேன். அவன் என்னை டைப் அடிச்சுக்கிட்டிருந்தான்."

மேடையில் இருந்தவள் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, ஜன்னலை விட்டுவிட்டு, நேராக முன் வரிசையைப் பார்த்தாள். திரை விழுந்தது. பிறகு கைதட்டல் இடிந்து விழுந்தது.

இடைவேளை விளக்குகள் எரிந்தன. அக்கா பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. கதாநாயகி வந்து எதிரே நின்றாள். மேக்கப்காரர் வழக்கம்போல ஸ்பாஞ்சு ஊறும் சோப்புத் தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதாநாயகியின் முகத்தில் வேர்வையை ஒற்றினார். தம்பி மேடைப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது.

வரட்டும். கன்னாபின்னாவென்று திட்டட்டும். குழுவை விட்டே துரத்தட்டும், பரவாயில்லை. திட்டினால் கேட்டுக்கொள்ளலாம். அழுதால், அழுதுவிட்டானென்றால், அக்கா அந்த இடத்திலேயே மன்னித்துவிடுவாள். அவ்வளவு மானங்கெட்ட மனசு அவளுக்கு.

தம்பி வந்தான். கண்கள் கலங்கியிருந்தன. குனிந்து அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா" என்றான். வழக்கத்தைவிட நீளமாக நிறுத்தினான். "இதை ஏன்க்கா இத்தனை நாளா எனக்குச் சொல்லல?"

"எதைடா?"

"அந்த டைப் அடிக்கிற இடம்! ஹாலே ஆடிப்போச்சு. பேராசிரியர் எழுந்து நின்னுட்டார். அந்தத் தம்பியை நான் நாடகத்துக்கு வெளியவே வெச்சுட்டேன் பாரு, மடையன். அவன்தான்க்கா நாடகமே. அவனோட குற்ற உணர்ச்சிதான். அவனை உள்ள கொண்டு வந்துட்டா இது வேற லெவலுக்குப் போயிடும்."

அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். "அவன் யாருன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியாமயா? நான்தான். அதுதானேக்கா அதுல அழகு" என்றான் தம்பி. சொல்லிக்கொண்டே அவள் கைகளை விட்டுவிட்டு ஜிப்பா பையிலிருந்து செல்போனை எடுத்தான். "சூடு ஆறதுக்குள்ள சொல்லு. நான் அப்படிக் கேட்டேன் இல்லையா, கேட்டதும் உனக்கு எப்படி இருந்துச்சு?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அடி பட்டுச்சான்னு கேளு" என்றாள்.

"ம்." கட்டைவிரல்கள் ஓடின. "'அடி பட்டுச்சான்னு கேளு.' அருமை. அப்புறம்?"

"இப்பக் கேளுடா. என்னைப் பார்த்துக் கேளு."

"'என்னைப் பார்த்துக் கேளு'..." அவன் உதடுகள் அசைய அசைய விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. தலை நிமிரவில்லை.

மேக்கப்காரர் ஒற்றுவதை நிறுத்திவிட்டார். கதாநாயகி அவர் கையை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். பிறர் எடுத்துக்கொடுக்காமல் அந்தப் பெண் இந்த மேடையில் ஒரு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. பேசத் தெரியாதவள்போல் தடுமாறினாள்.

"எங்கக்கா அடி பட்டுச்சு?"

அந்தக் கேள்விக்காக அவ்வளவு காலம் காத்திருந்துவிட்டு, வந்ததும் அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இடுப்புல" என்றாள் கடைசியில். "எலும்புல. உக்காந்து எழுந்தா இன்னும் வலிக்குதும்மா."

"இந்தப் பெட்டி மேலயா இத்தனை நாளும் உக்காந்திருந்தீங்க? ஒரு தலகாணிகூட இல்லாம?"

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்றான் தம்பி. "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. தலகாணியா சொன்ன?"

அக்கா எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் எழுந்தாள். அவன் கையிலிருந்த செல்போனை, குழந்தை வாயிலிருந்து மண்ணைப் பிடுங்குவதுபோல் பிடுங்கி, மேக்கப் வாளிக்குள் போட்டாள். கலங்கின சோப்புத் தண்ணீரில் அது ஸ்பாஞ்சுகளுக்கு நடுவே அடிக்குப் போனது.

"ஐயோ!" என்று அலறினான் தம்பி. "ஐயோ, ஐயோ, ஐயோ!"

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. அம்மா மூச்சு நின்ற அன்றுகூட வாசலில் நின்று, 'ஒரு காலம் கண்ணை மூடிக்கொண்டது' என்றுதான் சொன்னான். இப்போது தொப்பென்று முட்டி போட்டு, புது ஜிப்பாவின் கையைக்கூடச் சுருட்டாமல் முழங்கைவரை வாளிக்குள் விட்டுத் துழாவினான். சந்தன நிறம் கருத்து வழிந்தது. "எல்லாம் இதுலதானே இருக்கு, ஐயோ, எல்லாம் இதுலதானே இருக்கு" என்று கேவினான். கவிதை ஒரு சொட்டு இல்லை. முழுக்க முழுக்கப் புலம்பல்.

இரண்டாம் பாதிக்கு மணி அடித்தது. "நீங்க இல்லாம நான் என்னக்கா பேசுவேன்?" என்றாள் கதாநாயகி, பயத்தோடு.

"இப்போ கேட்டியே, அந்த மாதிரி ஏதாவது பேசு. அது போதும்."

அக்கா ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டாள். தம்பி அதற்குள் செல்போனைக் கண்டுபிடித்து, தரையில் உட்கார்ந்து, ஜிப்பாவின் நுனியால் அதைத் துடைத்துத் துடைத்து, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றாள்.

"நல்லா பாருடா" என்றாள். "எங்கயாவது அடி பட்டிருக்கப் போகுது."